மைக்கை மாத்தினா குரல் மாறுமா?

"தங்கச்சி, மூணாவது அத்தியாயம் வாசிச்ச புள்ள யாரு?"

போன மாசம் வாட்ஸ்அப்பில் வந்த வொய்ஸ் மெசேஜ் இது. அனுப்பினது கெம்பஸில் எனக்கு ஒரு வருஷம் மூத்த தாத்தா ஒருவர். (வெளியூர் வாசகர்கள் குழம்ப வேணாம். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. பொல்லு ஊன்றிக்கொண்டு வாற யாரையும் கற்பனை பண்ணாதீங்க.) அவவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாறு பாடத்துக்கு வேண்டிய ஒரு புத்தகத்தை அலவத்துகொட வீட்டில் இருந்து நான் வாசித்துப் பதிவு செய்து, அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பிக்கொண்டு வாறேன். மொத்தம் 11 அத்தியாயம். முதலாவதும் ரெண்டாவதும் நான் வாசிச்சது. மூணாவதும் நான்தான்.

அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பதில் இல்ல. பிறகு இன்னொரு மெசேஜ். "அப்ப அதில வாறது விலைநிலமா, விளைநிலமா?"

அங்கதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அத்தியாயம் 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் பற்றியது. உறுதி காட்ட முடியாத காடு, தரிசு, சேனை எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று பிரித்தானியர் சொன்ன சட்டம். அப்படி எடுத்த காணிகள் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. புத்தகத்தில் இருப்பது விளைநிலம். தாத்தாவின் காதில் விழுந்தது விலைநிலம். கேட்டுப் பாருங்க, பொருளும் பொருந்துது. விலைக்குப் போன நிலம். அவ பிரெய்லில் அப்படியே குறிப்பெடுத்து, டியூட்டோரியலிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறா. ஒரு இடத்தில் இல்ல, ஏழு இடத்தில்.

கண்ணால் வாசிக்கிற எங்களுக்கு எழுத்துப் பிழை வந்தால் திரும்பப் புத்தகத்தைப் பார்க்கலாம். காதால் படிக்கிற ஆளுக்கு என் வாய்தான் புத்தகம். என் வாய்க்கும் அவ காதுக்கும் நடுவில் ஒரு மைக். அந்த மைக்கை நான் அந்த மாசத்தில் மட்டும் நாலு தரம் மாத்தியிருந்தேன்.

ஏன் மாத்தினேன் என்றால், உண்மையைச் சொல்றேன், என் குரல் எனக்குப் பிடிக்கல. ரெக்கோர்ட் பண்ணின குரலைத் திரும்பக் கேட்டால் யாருக்கும் பிடிக்காது என்பார்கள். நாங்கள் பேசும்போது எங்கள் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் எங்கள் காதுக்கு வந்து கனமாகக் கேட்கும். பதிவில் அந்தக் கனம் இல்லை. ஆனால் எனக்கு அதுக்கு மேல ஒரு வெட்கம். "இருக்கிறது" என்று நிமிர்ந்து வாசித்து முடித்துவிட்டு, மைக்கை ஓஃப் பண்ணினதும் "உம்மா, தேத்தண்ணி ஈக்கா?" என்று கேட்கிற ஆள் நான். ழகரம் என் வாயில் பாதி நேரம் ளகரம். நல்ல மைக் வந்தால் இதெல்லாம் சரியாகும் என்று எப்படி நம்பினேனோ தெரியல. யூடியூப்பில் மைக் ரிவியூ பார்க்கிற எல்லாருக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

முதல் ரெண்டு அத்தியாயமும் போன் இயர்போனில் தொங்குகிற மைக்கில் போனது. சுமாராக இருந்தது. மூணாவதுக்குத் தம்பியின் கொலர் மைக். சூம் வகுப்புக் காலத்தில் வாங்கினது. சட்டையில் குத்துகிற இந்தச் சின்ன மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்கும் வகை. அதில் பிழை இல்ல. நான் அதை ஸ்கார்ஃபுக்கு உள்ளே குத்தினேன். அதுதான் பிழை. துணி மேல்ஸ்தாயி அதிர்வுகளை விழுங்கும். நெஞ்சில் குத்தினால் நாடியின் நிழலும் சேர்ந்துகொள்ளும். லகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டுகிற வேறுபாடு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைக்குள்தான் பெரும்பாலும் இருக்குது. நாக்கை மடித்தால் அந்தப் பகுதியில் ஒரு அதிர்வு கீழே இறங்கும், மடிக்காவிட்டால் மேலே நிற்கும். துணி மூடினது அந்தப் பகுதியைத்தான். அது போதாதென்று, பின்னால் கேட்ட இரைச்சலைக் குறைக்க அப்பில் இருந்த பில்டரை முழுசாகப் போட்டு மிச்சத்தையும் துடைத்துவிட்டேன். எனக்குக் கேட்டபோது 'கிளீன்' ஆக இருந்தது. நான் எழுதியதை நானே வாசிக்கிற மாதிரி, என்ன சொல் வருகிறது என்று தெரிந்துகொண்டே கேட்டால் எல்லாம் விளங்கும்தானே.

நாலாவதுக்கு ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன், மகாபொலக் காசில். பெயர் வேணாம். கண்டென்சர் வேலை செய்ய மின்சாரம் வேணும், தரமானவற்றுக்கு 48 வோல்ட். கூர்மையான காது அதுக்கு. ஸ்டூடியோவில் அது வரம். ஏ9 வீதியோரம் அது தண்டனை. மாத்தளை பஸ் கியர் மாத்துறது, பக்கத்து வீட்டு ஆச்சி தேங்காய் துருவுறது, பள்ளி பாங்கு, பன்சலையில் பிரித், நாய். நாலு மணிக்கு சூன் பாண் ஓட்டோ வரும், பீத்தோவன் 1810இல் எழுதின 'ஃபர் எலிஸ்' மெட்டோட. தாத்தா கேட்டுட்டுச் சொன்னா, "கோப்பித் தோட்டத்துக்கு நடுவில மாலுபாண் வந்திச்சு." மழை வந்தால் கதை முடிஞ்சுது. எங்கள் பின் அறைக்குத் தகரக் கூரை. அக்குறணை டவுனில் தண்ணி ஏறுகிற நாட்களில் நான் ஒரு வரியும் வாசிச்சதில்ல.

அஞ்சாவது பெரிய பகிடி. கண்டென்சருக்கு முன்னால் குந்தி 40 நிமிஷம் வாசித்தேன். லெப்டொப் அதைக் கண்டுகொள்ளவே இல்ல. திரைக்கு மேலே இருக்கிற தன் சொந்த மைக்கில் முழுதையும் பதிந்து வைத்திருந்தது, விசிறிச் சத்தத்தோட. அன்று ஒன்று பழகினேன். பதிவைத் தொடங்க முதல் மைக்கின் வலையில் நகத்தால் லேசாகச் சுரண்டணும். திரையில் கோடு துள்ளினால் அந்த மைக்தான் வேலை செய்யுது. துள்ளாவிட்டால் வேற ஏதோ கேட்டுக்கொண்டு இருக்குது. ஓடாசிட்டி பாவிக்கிறவர்களுக்கு இன்னொன்று. அது திறந்து இருக்கும்போது மைக்கைக் குத்தினால் தானாகக் காட்டாமல் போகலாம். ஓடியோ கருவிகளைத் திரும்பத் தேடும்படி மெனுவில் சொல்லணும்.

ஆறாவது அத்தியாயத்துக்குக் கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் கொடுக்கிற மாமாவின் மகனிடம் ஒரு டைனமிக் மைக் கடன் வாங்கினேன். பாடகர்கள் கையில் பிடிக்கிற வகை. இது கொஞ்சம் மந்தமான காது. கிட்டப் போனால்தான் கேட்கும், தூரத்துப் பஸ் அதுக்குப் பெரிசாகத் தெரியாது. நாலு விரல் தூரத்தில் வாயை வைத்துப் பேசினேன். அடேயப்பா. ஒரு திசையை மட்டும் பார்க்கிற மைக்குகளுக்குக் கிட்ட வந்தால் அடித்தொண்டைச் சத்தத்தைக் கூட்டிக் காட்டுகிற குணம் உண்டு. எல்லாத் திசையும் கேட்கிற கொலர் மைக்குக்கு அது இல்ல. என் குரல் திடீரென்று இரவு பதினொரு மணி எஃப்.எம் அறிவிப்பாளினி. மூணு தரம் திரும்பக் கேட்டு ரசித்தேன். பெருமையோட அனுப்பினேன்.

"தங்கச்சி, தடிமனா?"

தாத்தா சாதாரண வேகத்தில் கேட்கிற ஆள் இல்ல. ரெண்டு மடங்கு வேகம். திரைவாசிப்பான் பாவித்துப் பழகினவர்கள் அதைவிடக் கூடவும் போவார்கள். பரீட்சைக்கு முன் 11 அத்தியாயமும் மூணு தரம் கேட்கணும் என்றால் வேறு வழி என்ன? அந்த வேகத்தில் நான் ரசித்த கனம் வெறும் உறுமல். "எனக்கு உன்ட பேஸ் வேணாம். சொல்லு விளங்கணும். அதோட நீ ஒவ்வொரு தரமும் மைக்க மாத்துற நேரம் அறைக்குள்ள புதுசா ஒரு ஆள் வந்து குந்தின மாதிரி ஈக்கி. அந்தக் குரலுக்குக் காது பழகப் பத்து நிமிஷம் போகுது. பழகினதும் நீ திரும்ப மாத்துற."

இந்தக் கடைசி ரெண்டு வசனம்தான் இதை எழுத வைத்தது.

இலங்கை வானொலியை நினைத்துப் பாருங்க. 1925 டிசம்பர் 16இல் தொடங்கின நிலையம். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று எங்கள் வாப்பாமார் இன்றைக்கும் பெயர் சொல்லிப் பேசுகிற குரல்கள். தமிழ்நாட்டிலும் பெட்டியைச் சுற்றிக் குந்திக் கேட்டார்கள். ஒரு வானொலிக் கலையகத்தில் ஒலிவாங்கி மேசைக்குச் சொந்தம். அறிவிப்பாளர் மாறுவார், அது அங்கேயே இருக்கும். காலையில் ஒருவர், பகலில் ஒருவர், ஆனாலும் கேட்கிறவருக்கு அது ஒரே நிலையம். நாங்கள் வீட்டில் செய்வது நேர் எதிர். ஒரே ஆள், மாசத்துக்கு நாலு ஒலிவாங்கி.

அந்த அறிவிப்பாளர்கள் லகர ளகர ழகரத்தை எப்படிச் சொன்னார்கள் என்பதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஒலிவாங்கியின் மொடல் என்ன என்று யாரும் கேட்டதாக நான் அறியேன். இப்ப எங்களில் ஒரு ஆள் பொட்காஸ்ட் தொடங்கினால் முதல் கேள்வியே "என்ன மைக்?" ஷூர் எஸ்.எம்.7பி வேணுமாம். அதன் மூத்த வடிவத்தில்தான் மைக்கல் ஜெக்சன் 1982இல் 'த்ரில்லர்' பாடினாராம். சரி, பாடினார். அமெரிக்காவில் அது பல வருஷம் 399 டொலருக்கு விற்றது. டொலர் 200 ரூபாவாக இருந்த 2022 தொடக்கத்தில் அது 80,000 ரூபா. மே மாசம் 360 தொட்டபோது 140,000க்கு மேல, வரியும் கப்பல் காசும் சேர்க்காமல். அதோட அந்த மைக் சரியான சோம்பேறி. ஏறத்தாழ 60 டெசிபெல் தூக்கிக் கொடுத்தால்தான் வாய் திறக்கும். மலிவான இன்டர்ஃபேஸில் அவ்வளவு தூக்கினால் இரைச்சலும் சேர்ந்து எழும்பும். அப்ப இன்னொரு பெட்டி வாங்கணும். ரிவியூக்காரருக்கு அது நல்ல செய்தி.

ரிவியூக்கள் மேல் எனக்கு இன்னொரு முறைப்பாடு. ஒப்பிட்டுக் காட்டுகிறவர் பஞ்சுப் பலகை ஒட்டின அறையில் இருப்பார். சோதிக்கிற சொற்கள் ஆங்கிலச் சொற்கள். 'ப' வெடிக்குதா, 'ஸ்' கீச்சிடுதா என்று பார்ப்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் ஒரு மைக் 'ன'வையும் 'ண'வையும் எப்படிப் பிரிக்குது, 'ர'வையும் 'ற'வையும் என்ன செய்யுது என்று எந்த ரிவியூவிலும் நான் பார்த்ததில்ல. தமிழில் ரிவியூ செய்கிறவர்களும் அந்த ஆங்கிலப் பட்டியலையே தமிழில் சொல்லிவிட்டு, வாங்கும் இணைப்பு கீழே இருக்கு என்று முடிக்கிறார்கள்.

"ஏன் வாசிக்கிறீங்க, கொம்பியூட்டர் வாசிக்காதா?" என்று பெச்சில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். மைக்ரோசொஃப்டிடம் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று ரெண்டு செயற்கைக் குரல்கள் இருக்கின்றன. பிரச்சினை குரலில் இல்ல, எழுத்தில். எங்களுக்குக் கைமாறுகிற நோட்ஸில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால் திரைவாசிப்பான் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். மாத்தித் தர செயலிகள் இருக்கின்றன, கோப்பு கையில் இருந்தால். பழைய புத்தகங்களோ வெறும் ஸ்கேன் படம். படத்தில் இருந்து எழுத்தைப் பிரிக்கிற மென்பொருள் பழைய றா, ணை, லை வடிவங்களைக் கண்டால் தடுமாறும். நான் வாசிக்கிற புத்தகம் அப்படித்தான். ஃபோட்டோகொப்பியின் ஃபோட்டோகொப்பி. சில பக்கங்களில் ளகரத்தையும் எனக்கே உற்றுப் பார்க்க வேண்டியிருக்குது.

அதனால் இந்தப் பக்கத்தை வாசிக்கிற, வீட்டில் குரல் பதிவு செய்ய நினைக்கிற, ஏற்கனவே செய்கிற எல்லாரிடமும் என் வாதம் ஒன்றுதான். ஒரு வேலையைத் தொடங்கினால் அது முடியும் வரைக்கும் மைக்கை மாத்தாதீங்க. பிழையான மைக்கைத் தெரிவு செய்திருந்தாலும் பரவாயில்ல. நடுத்தரமான ஒரு மைக்கில் 11 அத்தியாயமும் இருந்தால் கேட்கிறவர் ஒரு தரம்தான் பழகணும். நல்லது, கெட்டது, மிக நல்லது என்று கலந்து கொடுத்தால் ஒவ்வொரு தரமும் பழகணும். 'ஈக்யூ' போட்டுச் சமப்படுத்தலாமே என்பார்கள். கனத்தையும் கூர்மையையும் ஓரளவு சமப்படுத்தலாம். வெறும் சுவர் அறையின் எதிரொலி பதிவில் விழுந்தால் அதைப் பிரித்து எடுக்கிறது, தேத்தண்ணியில் இருந்து சீனியை எடுக்கிற வேலை. துணி விழுங்கின ளகரத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

மைக்கை விட தூரம் முக்கியம் என்பதும் இந்த மாசம் பழகினதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். அறைச் சத்தம் கூடாது. அதாவது இன்னொரு மைக் வாங்காமல், கதிரையை முன்னால் இழுத்தே பாதி இரைச்சலைத் தோற்கடிக்கலாம். எனக்கு ஒரு சாண் தூரம் சரியாக வருது. உறுமலும் இல்ல, பஸ்ஸும் பெரிசாக இல்ல. ஒவ்வொரு நாளும் தொடங்க முதல் கையை விரித்து அளக்கிறேன். உம்மா பார்த்துட்டு, "என்ன, மைக்குக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றா.

அறைக்கு என் தீர்வு அலுமாரி. கதவு ரெண்டையும் திறந்து, தொங்குகிற உடுப்புகளைப் பார்த்துக் குந்தி, முதுகுக்குப் பின்னால் போர்வை ஒன்றைக் கொடியில் போட்டால் எதிரொலி பெரும்பகுதி செத்துப்போகும். செலவு பூச்சியம். நேரம் சுபஹுக்குப் பிறகு, பஸ் கூடுறதுக்கு முதல். தொடங்கும்போது ஒரே வசனத்தை ஒவ்வொரு நாளும் வாசித்துப் பதிகிறேன்: "பள்ளிவாசல் கிழக்கில் மழை, பலகையில் களிமண், விளைநிலத்துக்கு விலை இல்லை." நான் கட்டின வசனம்தான், இலக்கணம் தேட வேணாம். நேற்றைய வசனத்தையும் இன்றைய வசனத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஏதாவது மாறியிருந்தால் உடனே தெரியும். சளி பிடித்திருந்தால் அதுவும் தெரியும்.

மைக் மாத்தவே கூடாதா? கூடும். வேலை தொடங்க முதல் மாத்துங்க. கிடைக்கிற எல்லாவற்றிலும் அந்த வசனத்தை வாசித்து, பெயர் சொல்லாமல் கேட்கப்போகிற ஆளுக்கு அனுப்புங்க. எது விளங்குது என்று அவர் சொல்லட்டும். நாடகம் பதிகிறீங்க, ஒரு பாத்திரம் தொலைபேசியில் கதைக்கிறது என்றால் அதுக்கு மட்டும் மட்டமான மைக் வைக்கிறது அழகுதான். மழைக்காலம் முழுக்கப் பதியணும் என்றால் தகரக் கூரைக்குக் கீழே கண்டென்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்க வேணாம், டைனமிக்குக்குப் போங்க, போய் அதிலேயே நில்லுங்க.

உச்சரிப்பைப் பற்றி இன்னும் எனக்குள் ஒரு இழுபறி இருக்குது. ஊர்ப் பேச்சை வெட்கப்படாமல் பேசணும் என்கிற கட்சிதான் நான். ஆனால் விளைநிலம் விஷயத்துக்குப் பிறகு, பாடப் புத்தகம் வாசிக்கும்போது மட்டும் ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லணும் என்று நினைக்கிறேன். அது சென்னைக்காரரைப் போல, யாழ்ப்பாணத்தாரைப் போல கதைக்கிறது என்று ஆகாது. இழுவை, ஏற்ற இறக்கம் எல்லாம் அக்குறணைப் பக்கத்து இழுவையாகவே இருக்கட்டும். தாத்தாவும் மாவனெல்லைக்காரி, அவவுக்கு என் இழுவையில் பிரச்சினை இல்ல. ழகரத்தை மட்டும் நான் நாக்கைப் பிடித்துப் பழகுறேன். கொலர் மைக்கில் பதிந்தபோது ழவும் ளவும் ஒன்றாகக் கேட்டது எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுறேன். யாருக்கும் பிழை தெரியாது என்ற ஆறுதல். அந்த ஆறுதலுக்குத்தான் தாத்தா டியூட்டோரியலில் விலை கொடுத்தா.

அவ கோபப்படல. மூணாவதைத் திரும்ப வாசித்துத் தரச் சொன்னா, அவ்வளவுதான். டைனமிக்கை மாமாவின் மகன் இந்தச் செமஸ்டர் முடியும் வரை வைத்திருக்கச் சொல்லிவிட்டான், கல்யாண சீசன் இல்லையாம். ஒரு சாண் தூரத்தில், அலுமாரிக்கு முன்னால், மூணாவது அத்தியாயத்தைத் திரும்ப முடித்து அனுப்பினேன். பிறகு நாலும் அஞ்சும். ஆறாவதை நாலு விரல் தூரத்தில் வாசித்ததால் அதையும் திரும்ப எடுக்கணும். கண்டென்சரைத் தம்பி கேமுக்கு எடுத்துக்கொண்டான்.

இப்ப காலை அஞ்சே முக்கால். தகரத்தில் இன்னும் தூறல் இல்ல. ஏழாவது அத்தியாயம், கோப்பியில் இலைநோய் வந்த 1869ஆம் வருஷம். ஆறு மணிக்கு முதல் ரெண்டு பக்கமாவது வாசிக்கலாம்.